வள்ளலும் சட்டமும்

இளம் அறிவியல் (தாவரவியல்), இரண்டாம் ஆண்டு

வள்ளல் என்றதும் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியே நம் நினைவுக்கு வருவான். ஒரு கொடியைத் தாங்க ஒரு தேர் போதும். காடுகளையே காக்க வேண்டுமாயின் வள்ளலின் கை மட்டும் போதுமா? அமெரிக்கரான ஸ்டீபன் மேதரின் (1867–1930) வாழ்வு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பட்டதாரியான மேதர், நியூயார்க்கில் செய்தியாளராக இருந்து, பின்னர் வெண்கார வாணிகத்தில் பெருஞ்செல்வரானார். தேசியப் பூங்காக்களின் சீர்கேட்டைக் கண்டு மனம் கொதித்து, 1914இல் உள்துறை அமைச்சர் பிராங்க்ளின் லேனிடம் முறையிட்டார். குறை கூறியவரையே பொறுப்பேற்க அழைத்தார் அமைச்சர். 1915இல் மேதர் வாஷிங்டனில் பணியேற்றார்.

அன்று பூங்காக்கள் பல இருந்தன. அவற்றைப் பேணத் தனித் துறை இல்லை. முதற்பூங்காவான யெல்லோஸ்டோனை 1886 முதல் இராணுவமே காத்து வந்தது. மேதர் தம் பணப்பையை அவிழ்த்தார். யோசெமிட்டிப் பூங்காவினூடே செல்லும் டியோகா சாலையைத் தாமும் நண்பர்களுமாக 15,500 டாலருக்கு வாங்கி அரசுக்கு அளித்தார். பூங்காக்களைப் பற்றி எழுதிப் பரப்பிய ராபர்ட் யார்டுக்குத் தம் பணத்திலிருந்தே சம்பளம் கொடுத்தார். செல்வாக்குடையோரைத் தம் செலவில் சியரா நெவாடா மலைகளுக்கு அழைத்துச் சென்றார். இம்முயற்சிகளின் பயனாக, 1916 ஆகஸ்டு 25ஆம் நாள் தேசியப் பூங்காத் துறையை நிறுவும் சட்டம் பிறந்தது. மேதரே அதன் முதல் இயக்குநர்.

ஆனால் 1917இன் தொடக்கத்திலேயே அவர் மனநோயுற்றார். பல மாதங்கள் உதவியாளர் ஹொரேஸ் ஆல்பிரைட்டே துறையை நடத்தினார். எல்லாம் ஒருவரின் கொடையாகவே இருந்திருப்பின் அன்றே பணி நின்றிருக்கும். சட்டம் இருந்தது, பணி தொடர்ந்தது.

அரசு ஊழியருக்கு வெளியார் சம்பளம் தருவதைப் பின்னர் சட்டம் தடுத்தது. இது முறையே என்பேன். கூலி கொடுப்பவர் முகம் பார்த்தே நடக்க வேண்டிய குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளும் நானே. என் உதவித்தொகை அரசாணைப்படி வருவதால்தான் எவர் வாசலிலும் நான் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கொடை உரிமையாக மாறுவது சட்டத்தால்தான்.

மேதரின் பணியில் குறையே இல்லை எனல் பொருந்தாது. மக்களை வரவழைக்க அவர் மோட்டார் வண்டிகளுக்கும் விடுதிகளுக்கும் தாராளமாக இடம் கொடுத்தார். நெரிசல் பின்னாளில் பூங்காக்களுக்குச் சுமையாயிற்று. யோசெமிட்டியின் பழங்குடியினரான அவானீச்சி மக்களோ, 1851லேயே ஆயுதப் படையால் விரட்டப்பட்டவர்கள். எல்லார்க்கும் உரியதென்று ஒரு நிலத்தை அறிவிக்கும்போது, அங்கே முன்பே வாழ்ந்தவர் யார் என்பதையும் கேட்க வேண்டும்.

பக்கவாதத்தால் 1929இல் பதவி விலகிய மேதர், மறு ஆண்டு மறைந்தார். அவர் தோற்றுவித்த துறை இன்று 60க்கும் மேற்பட்ட தேசியப் பூங்காக்களைப் பேணி வருகிறது. நண்பர்களே, நாளை நம்மில் சிலர் பொருள் சேர்க்கலாம்; சிலர் அதிகாரிகள் ஆகலாம். கொடுக்கும் நிலை வரும்போது, நாம் இல்லாத நாளிலும் நிலைக்கும்படி கொடுப்போமாக.