எட்டு மாத ஊழியமும் இருநூறு ஆண்டுப் பயனும்

முகத்துவாரம், கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் வாழும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மெதடிஸ்த சபையினர் அந்நியர் அல்லர். அயலவராய், உடன் வேலை செய்பவராய், சில வீடுகளில் சம்பந்திகளாயும் இருக்கின்றனர். புறக்கோட்டையில் உள்ள அவர்களுடைய பழைய கோவில் 1816ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி திறக்கப்பட்டது. ஆயினும் இச்சபை நம் தமிழ் மக்களுக்குச் செய்தது என்ன என்று பிள்ளைகள் கேட்டால், நம்மில் பலர் பதில் சொல்லத் தடுமாறுவோம். இதற்கு விடை காண, கிழக்கே மட்டக்களப்புப் பட்டினத்தின் வரலாற்றைப் பார்ப்பது நல்லது.

மெதடிஸ்த இயக்கம் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. ஆங்கிலிக்கன் குருவான ஜோன் வெஸ்லி (1703–1791) அதன் தந்தை. செபம், வேத வாசிப்பு, சிறைப்பட்டோரைச் சந்தித்தல் ஆகியவற்றை அவரும் தோழர்களும் ஓர் ஒழுங்குமுறைப்படி செய்துவந்தனர். அதைக் கண்டு பிறர் கேலியாக இட்ட பெயரே நிலைத்துவிட்டது.

வெஸ்லியின் உடனுழைப்பாளர் தோமஸ் கோக், 1813 டிசம்பர் இறுதியில் இளம் போதகர் சிலருடன் இலங்கைக்குக் கப்பலேறினார். 1814 மே 3ஆம் திகதி நடுக்கடலில் அவர் இறந்தார். தலைவரை இழந்த ஐவர் ஜூன் இறுதியில் இலங்கையில் கரையிறங்கினர். அவர்களுள் ஒருவரான வில்லியம் ஓல்ட், அதே பயணத்தில் தம் மனைவியையும் இழந்தவர். திரும்பிப் போக அவருக்குக் காரணம் இருந்தது. ஆனால் அவர் மட்டக்களப்புக்குப் போனார்.

அங்கே தமிழ் கற்றார், போதித்தார், சிறுவருக்குப் பள்ளி தொடங்கினார். 1815 ஏப்ரல் 1ஆம் திகதி நோயினால் இறந்தார். அவர் அங்கே உழைத்தது ஏறத்தாழ எட்டு மாதமே. ஆனால் பின்வந்தோர் அப்பணியைக் கைவிடவில்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814 என்றே கணக்கிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு வின்சென்ட் உயர்தரப் பாடசாலையும் அச்சபையின் பணியால் உருவானதே.

இப்பள்ளிகளில் கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும் படிக்கவில்லை. யாழ் நூல் தந்த சுவாமி விபுலாநந்தர், காரைதீவில் 1892இல் பிறந்த சைவர். அவர் கல்முனையில் மெதடிஸ்தப் பள்ளியிலும், பின் மட்டக்களப்பில் நமது புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். இரு சபைகளும் ஏற்றிய விளக்கின் ஒளி தமிழுக்கே பயன்பட்டது.

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் கைக்குச் சென்றன. நம் சபையைப் போலவே அவர்களும் அந்த இழப்பைத் தாங்கினர். பள்ளியின் உரிமை போயிற்று. அங்கே பெற்ற கல்வியும் ஒழுக்கமும் குடும்பங்களில் நிலைத்தன.

இலங்கை மெதடிஸ்த சபை 1964இல் தன்னாட்சி பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 21ஆம் திகதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. பிற சபைகளில் காணப்படும் உண்மையான கிறிஸ்தவ நலன்களை மகிழ்வோடு ஏற்றுப் போற்றும்படி அது நம்மைக் கேட்கிறது. பாப்பரசரின் பணி, திவ்விய நற்கருணை ஆகியவற்றில் வேற்றுமைகள் இன்னும் உண்டு. அவற்றை மூடி மறைக்கத் தேவையில்லை. ஆனால் வேற்றுமையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி, நன்மையைச் சொல்லாமல் விடுவது நீதியாகாது.

2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் இரத்தம் சிந்தப்பட்டது. குண்டு வைத்தவன் நம்மைச் சபை சபையாகப் பிரித்துப் பார்க்கவில்லை. துன்பத்தில் ஒன்றாக எண்ணப்பட்ட நாம், அன்பிலும் ஒன்றாக வேண்டாமா?

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் அயலில் வாழும் பிற சபைக் குடும்பத்தின் இன்ப துன்பங்களில் பங்கு கொள்கிறோமா?

2. பலன் காணுமுன் இறந்த ஓல்ட் போதகரின் வாழ்வு, பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கு என்ன கற்பிக்கிறது?

3. ஜனவரி 18 முதல் 25 வரை வரும் ஒன்றிப்பு வாரத்தில், அவர்களுக்காக ஒரு நாள் குடும்பச் செபமாலையை ஒப்புக்கொடுப்போமா?