நெஞ்செரிவும் எதுக்களிப்பும்

இரவு பத்து மணிக்குமேல் கோவண்டி நிலையத்தில் இறங்கி, வடா பாவும் கட்டிங் சாயாவும் முடித்து, விடுதிக் கட்டிலில் படுத்தபடியே பாடம் படிக்கும் நண்பர்களுக்காக இக்கட்டுரை. நடுநிசியில் நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டைவரை ஏறும் எரிச்சலை அவர்கள் 'காஸ்' என்பர். கடையில் விற்கும் பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு உறங்குவர். வாரம் இருமுறைக்குமேல் அவ்வாறு நேருமாயின், அது பொடிக்கு அடங்கும் விஷயமன்று.

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்று 1824ஆம் ஆண்டிலேயே ஆங்கில மருத்துவர் வில்லியம் பிரௌட் வெளியிட்டார். உணவைச் செரிக்கவும் கிருமிகளைக் கொல்லவும் அவ்வமிலம் வேண்டும். இரைப்பையின் உட்சுவரைத் தடித்த சளிப்படலம் காக்கிறது. உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பில்லை. இரண்டும் கூடுமிடத்தில் சுருக்குப்பையின் வாய்போல் ஒரு தசைவளையம் உண்டு. விழுங்கும்போது அது திறக்கும், பின்னர் மூடிக்கொள்ளும். வேளையல்லா வேளையில் தளர்ந்தால் அமிலம் மேலேறும். வயிறு புடைக்க உண்ணல், உண்டவுடன் படுத்தல், புகை, மது, உடற்பருமன் ஆகியவை இதைத் தூண்டும். சிலருக்கு வறட்டிருமலும் குரல் கம்மலும்கூட இதனால் வரும். ஆண்டுக்கணக்கில் அசட்டையாயிருந்தால் உணவுக்குழாய் புண்ணாகிச் சுருங்கவும் கூடும்.

நோயை அறிவது எவ்வாறு? பெரும்பாலும் மருத்துவர் குறிகளைக் கேட்டே தெளிவார். ஓமெப்ரசோல் போன்ற மாத்திரையைச் சில வாரம் கொடுத்துப் பார்ப்பார். அதைக் காலை உணவுக்கு அரைமணி முன்னரே உட்கொள்ள வேண்டும். பின்னர் உண்டால் பயன் குன்றும். குணம் காணாவிடில் எண்டாஸ்கோப்பிச் சோதனை தேவைப்படும். விழுங்கத் தடை, காரணமின்றி எடை குறைதல், இரத்த வாந்தி, கருமலம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் மாத்திரையை நம்பிக் காத்திராமல் சயான் லோகமான்ய திலகர் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்க.

மற்றோர் எச்சரிக்கை. மாடி ஏறுகையில் நெஞ்சு இறுகி, வலி தோளுக்கும் தாடைக்கும் பரவி, வியர்த்தால் அது இருதய நோயாகலாம். அதையும் 'காஸ்' என்று ஒதுக்குவது உயிருக்கே கேடாகும்.

இனி நாம் செய்யத்தக்கவை: படுக்கைக்கு மூன்று மணி முன்னரே இரவுணவை முடித்தல், இடப்பக்கம் சாய்ந்து படுத்தல், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கடியில் செங்கல் வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துதல். தலையணைகளை மட்டும் அடுக்கினால் வயிறு மடிந்து அழுத்தம் மிகும். எவ்வுணவு ஒவ்வவில்லை என்பதை இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். மருத்துவரிடம் செல்லும்போது அக்குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அவருக்கு அது பெரிதும் உதவும்.