காது கேளாத நோயாளியும் காணொளி மொழிபெயர்ப்பாளரும்

சில ஆண்டுகளுக்கு முன் பிறவியிலேயே காது கேளாத பெண்மணி ஒருவர் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். மூச்சிரைப்பு, ஓயாத சோர்வு. ஹீமோகுளோபின் 6 கிராம்தான் இருந்தது. உடன் வந்த 14 வயது மகனே தாய்க்காகப் பேசினான். இரத்தப்போக்கு ஏதேனும் உண்டா என்று கேட்டோம். சிறுவன் தயங்கினான், தாயை நோக்கிக் கைகளால் ஏதோ கேட்டுவிட்டு, இல்லை என்றான். இரைப்பையையும் பெருங்குடலையும் எண்டோஸ்கோப்பி மூலம் ஆராய்ந்தோம், ஒன்றும் தென்படவில்லை. ஒரு மாதம் கழித்து, மகனை வெளியே அமரச் செய்து, காணொளி அழைப்பில் வந்த சைகை மொழிபெயர்ப்பாளர் வழியாக அதே கேள்வியைக் கேட்டோம். எட்டு மாதங்களாக மாதவிலக்கு மிகுதியாக இருப்பதை அவர் தடையின்றி விவரித்தார். கருப்பையில் நார்க்கட்டி இருந்தது. சிறுவன்மீது குற்றமில்லை. ஒரு மகன் தாயிடம் கேட்கக் கூசும் கேள்வியை அவன்மீது சுமத்தியது எங்கள் பிழை.

எழுதிக் காட்டினால் போதாதா என்று பலர் கேட்கின்றனர். பிறவியிலேயே காது கேளாதோர் பலருக்குச் சைகை மொழியே முதல் மொழி. தமிழ் அவர்கள் பின்னர் கற்ற மொழி. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அதில் 'என்ன', 'எங்கே' போன்ற வினாச்சொற்கள் வாக்கியத்தின் இறுதியில் வரும். புருவ அசைவும் பொருள் தரும். உதட்டசைவை நம்புவதும் ஆபத்தானது. கண்ணாடி முன் நின்று 'மருந்து', 'பருந்து' என்று ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

காணொளி முறையில் நோயாளியும் மருத்துவரும் ஒரே அறையில் இருப்பர். மொழிபெயர்ப்பாளர் வேறோர் ஊரிலிருந்து திரையில் தோன்றுவார். இருவர் கூறுவதையும் கூட்டாமல் குறைக்காமல் மாற்றித் தருவதும், கேட்டதை வெளியே சொல்லாதிருப்பதும் அவர் கடமை. மருத்துவர் திரையை அன்று, நோயாளியைப் பார்த்தே பேச வேண்டும். நாங்களே இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். அப்போது தயங்காமல் நினைவூட்டுங்கள்.

உடனிருப்போர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நோயாளிக்குப் பின்னால் சன்னல் இருந்தால் முகம் இருண்டு தெரியும்; திரைச்சீலையை இழுத்து விடுங்கள். தலை முதல் இடுப்பு வரை, இரு கைகளும் கேமராவில் அடங்க வேண்டும். இந்திய சைகை மொழியில் எழுத்துகளைக் காட்ட இரு கைகளும் தேவை. மருந்தின் பெயரைப் பெரும்பாலும் எழுத்தெழுத்தாகத்தான் காட்டுவர். எனவே டிரிப்ஸ் ஊசியை எந்தக் கையில், எவ்விடத்தில் போடுவது என்று செவிலியர் முதலிலேயே நோயாளியிடம் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். படம் உறைந்து நின்றால் பேச்சை உடனே நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். புரிந்ததுபோல் தலையசைத்துக் கடந்துவிடுவதே பெருங்கேடு.

இம்முறை எல்லோருக்கும் பொருந்தாது. பார்வையும் குன்றியவர்களுக்கும், மயக்கத்திலிருந்து அப்போதுதான் விழித்தவர்களுக்கும் திரை உதவாது. பள்ளி செல்லாமல் வீட்டுச் சைகைகளையே பழகியவர்களுக்கு, அச்சைகைகளை அறிந்த உறவினர் ஒருவர் மொழிபெயர்ப்பாளருடன் சேர்ந்து இருப்பது அவசியம். முதுமையில் செவித்திறன் இழந்தோர் பெரும்பாலும் சைகை மொழி அறியார். அவர்களுக்குப் பேச்சை எழுத்தாக்கும் கைப்பேசிச் செயலிகள் பயன்படும்; ஆனால் அவை மருந்தின் பெயரையும் அளவையும் தவறாகக் காட்டக்கூடும். அவற்றை மட்டும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது சலுகை கோருவது ஆகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'தகவல் தொடர்பு' என்பதில் சைகை மொழியையும் சேர்த்துள்ளது. தனியார் மருத்துவமனைகளிலும் தடையற்ற அணுகல் வேண்டும் என்கிறது. 2018இல் 3,000 சொற்களுடன் வெளிவந்த இந்திய சைகை மொழி அகராதி, 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. மருத்துவச் சொற்களும் அதில் உள்ளன.

முன்பதிவு செய்யும்போதே மொழிபெயர்ப்பாளர் தேவை என்று தெரிவியுங்கள். அறுவை சிகிச்சை ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் நேரத்திலும், வீடு திரும்பும் நாளில் மாத்திரைகளை விளக்கும் நேரத்திலும் அவர் திரையில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவ்விரு வேளைகளில்தான் அழைப்பு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.