பச்சிளங்குழந்தையும் பாச்சை உருண்டையும்



ராயபுரம், காசிமேடு பக்கத்து வீடுகளில் பிள்ளை பிறந்ததும் புதுத்துணி உடுத்தமாட்டார்கள். ஆயா டிரங்குப் பெட்டியைத் திறந்து, மூத்த பிள்ளையின் சட்டையையும் நைந்த வேட்டித் துண்டையும் எடுத்து வருவார். பிரசவ வார்டில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி இது. அத்துணியோடு, பூச்சி அரிக்காதிருக்கப் போட்ட பாச்சை உருண்டையின் நெடியும் வருகிறது. சில குழந்தைகளுக்கு அந்த நாப்தலின் நெடியே ஆபத்து. ஏன் என்று இம்முறை கற்றுக்கொள்வோம்.

இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் ஜி-6-பி-டி என்னும் நொதி காவலாளியைப் போல் இருக்கிறது. சில மருந்துகளும் வேதிப்பொருள்களும் தாக்கும்போது, தாங்கும் வலிமையை அணுவுக்குத் தருவது அதுவே. பிறவியிலேயே அது குறைந்திருந்தால் அணுக்கள் உடைந்து, பிலிருபின் என்னும் மஞ்சள் பொருள் பெருகும். பச்சிளங்குழந்தையின் கல்லீரல் இன்னும் முதிராததால் அதை வெளியேற்றத் திணறும். மஞ்சள் மிகுந்து மூளையை எட்டினால் செவிட்டுத்தன்மை, வாழ்நாள் ஊனம், மரணம்கூட நேரலாம்.

இக்குறை பெரும்பாலும் தாய்வழி வந்து ஆண் குழந்தைகளையே அதிகம் தாக்குகிறது. தாய்க்கோ பொதுவாக அறிகுறி இராது. பிரைமாகுவின் என்னும் மலேரியா மாத்திரை சிலருக்கு மட்டும் இரத்த அணுக்களை உடைப்பது ஏன் என்று ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள், 1956இல் இதைக் கண்டறிந்தனர். மலேரியாவை நன்கறிந்த வடசென்னைக்கு இம்மாத்திரை புதிதல்ல. கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும் அதைக் கொடுப்பதில்லை. டாப்சோன், நைட்ரோபுரண்டாயின், சில சல்பா மருந்துகள் ஆகியவற்றிலும் எச்சரிக்கை தேவை. பாலூட்டும் தாய் உட்கொள்ளும் மருந்தும் ஓரளவு பிள்ளையை எட்டும்.

நாம் கைக்கொள்ள வேண்டியவை:

1. குழந்தைத் துணியோடு பாச்சை உருண்டை வேண்டாம். எண்ணெய் தேய்த்த மேனியில் நாப்தலின் இன்னும் எளிதாக ஊறும்.

2. வீட்டில் மீந்த மாத்திரையைத் தாய் மருத்துவரைக் கேளாமல் விழுங்கக்கூடாது. பயந்து தாய்ப்பாலையும் நிறுத்தக்கூடாது.

3. பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே1 ஊசிக்கு அஞ்ச வேண்டாம். அது இக்குழந்தைகளுக்கும் ஏற்றதே.

4. கண்ணில் மஞ்சள் படர்ந்தாலோ, சிறுநீர் டிகாஷன் நிறமானாலோ, இளவெயிலில் காட்டிக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

மருத்துவமனைகளுக்குக் குழந்தைத் துணி அனுப்பிவரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உருண்டை படாத துணிகளையே துவைத்து, வெயிலில் உலர்த்தி அனுப்புங்கள். நீங்கள் கட்டி அனுப்பும் பொட்டலம் நேரே தொட்டிலுக்குத்தான் போகிறது.