மலாக்கா: கடல் விலகிய நகரின் கதை

மலாக்காவுக்கு ஒருமுறையேனும் செல்லாத மலேசியத் தமிழ் மாணவர் மிகச் சிலரே. பள்ளிச் சுற்றுலாப் பேருந்தில் சென்று, சிவப்புக் கட்டடங்களின் முன் நின்று படம் எடுத்து, சென்டோல் குடித்துத் திரும்பியிருப்போம். 1511, 1641, 1824 என்று ஆண்டுகளை மனனம் செய்து தேர்வில் எழுதியும் இருப்போம். ஆனால் அந்நகரைத் துறைமுகமாக மனக்கண்ணில் கண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? துறைமுக நகரம் என்று படித்துவிட்டு நேரில் போனால், கோட்டை வாயிலின் எதிரே நாம் காண்பது பேரங்காடி! கடலைக் காணோம்.

பட்டப்படிப்புக் காலத்திலும் அதன்பின்னும் பலமுறை அந்நகரின் தெருக்களில் நடந்திருக்கிறேன். மலாக்காவைப் படிக்க விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இங்கே ஆட்சி செய்தவர் யார்?" என்பதன்று, "இங்கே கடல் எதுவரை இருந்தது?" என்பதே என்பது அந்நடைகளின் வழி நான் அடைந்த முடிவு. அக்கேள்விக்கு விடை தேடும்போது, அங்கே தமிழ் இருந்த இடமும் நமக்குப் புலப்படும்.

நெல்லி மரமும் பருவக் காற்றும்

ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் பரமேஸ்வரா இந்நகரை நிறுவினார் என்பது வரலாறு. அவர் நிழலுக்கு ஒதுங்கிய மரத்தின் பெயரே ஊரின் பெயராயிற்று என்பது மலாய் மரபு. அந்த 'மெலாக்கா' மரம் வேறொன்றுமன்று, நம் நெல்லிதான். வடமொழியில் 'ஆமலகம்' என்று வழங்கும் அதே மரம்.

மரம் பெயரைத் தந்தது. வாழ்வைத் தந்ததோ காற்று. தென்மேற்குப் பருவக் காற்று மேற்கிலிருந்து இந்தியக் கப்பல்களைக் கொண்டுவந்தது. வடகிழக்குப் பருவக் காற்று கிழக்கிலிருந்து சீனக் கப்பல்களைக் கொண்டுவந்தது. ஒரு காற்றில் வந்தவர் ஊர் திரும்ப மறு காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். சுமத்திராவும் தீபகற்பமும் இரு புறமும் அரணாக நிற்கும் நீரிணையில் அவ்வாறு காத்திருக்க ஏற்ற இடம் மலாக்கா. காத்திருந்தவர்கள் வீடு கட்டினர், கிடங்கு கட்டினர், மணம் புரிந்தனர், கோயிலும் பள்ளிவாசலும் எழுப்பினர். நகரம் அப்படித்தான் வளர்ந்தது.

நான்கு துறைமுக அதிகாரிகள்

போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றிய சில ஆண்டுகளுக்குள் அங்கே வாழ்ந்த தோமே பிரெஸ் என்பவர், மலாக்காத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்தார். வணிகர்களைக் கவனிக்க ஷாபந்தர் எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். ஒருவர் குஜராத்தியருக்கு, ஒருவர் சோழமண்டலக் கரையினர், வங்காளிகள், பெகு நாட்டவர் முதலியோருக்கு, ஒருவர் சாவகம் முதலிய தீவுகளைச் சேர்ந்தவருக்கு, ஒருவர் சீனர் முதலியோருக்கு.

சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோரை அந்நாளில் 'கெலிங்' என்றனர். இன்று நம்மைப் புண்படுத்தும் வசைச்சொல்லாகிவிட்ட அதே பெயர், அன்று மதிப்புடன் கப்பலேறிய வணிகர்களைக் குறித்தது. அவர்களுள் ஒருவர் நினா சத்து. 1511இல் அல்புகர்க் நகரைப் பிடித்தபின், இந்து வணிகர்களுக்குத் தலைவராக அவரையே போர்த்துகீசியர் அமர்த்தினர். 1614க்கு ஓராண்டு முன்னர், அதாவது 1613இல், எரேடியா என்பவர் வரைந்த நகரப் படத்தில் 'கம்போங் கெலிங்' ஆற்றின் மறுகரையில் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. அது கடலோரக் குடியிருப்பு என்பதைக் கவனியுங்கள்.

மலாய் மொழியில் கப்பல் 'காப்பால்' ஆயிற்று; கடை 'கெடாய்' ஆயிற்று; வணிக முதல் 'மோடால்' ஆயிற்று; பெட்டி 'பெத்தி' ஆயிற்று. சரக்கோடு சொற்களும் துறைமுகங்களில் இறங்கின.

கோட்டை வாயிலில் அலை

போர்த்துகீசியர் கட்டிய ஏ பாமோசா கோட்டையில் இன்று எஞ்சி நிற்பது சந்தியாகோ வாயில். 1641இல் நகரைப் பிடித்த டச்சுக்காரர்கள் பின்னர் அதைச் செப்பனிட்டு, 1670 என்ற ஆண்டைப் பொறித்தனர். 1807இல் ஆங்கிலேயர் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தபோது தப்பியது இவ்வாயில். அது கடற்கரைக் கோட்டையின் வாயில் என்பதை இன்று நம்புவது கடினம். அங்கிருந்து கடலைக் காண நான் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் ஊடே கால் மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது.

1956 பிப்ரவரி 20ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலை நாளை அறிவித்த பண்டார் ஹிலிர் திடலும் இவ்வாயிலின் எதிரே இருந்ததுதான். அன்று திடலுக்கு அப்பால் கடல். இன்று அங்கே பேரங்காடி.

ஆற்றின் மறுபக்கம் ஹீரன் தெரு எனப்பட்ட துன் டான் செங் லோக் சாலைக்கு வாருங்கள். கடற்புறத்து வீடுகள் வியப்பூட்டும் அளவுக்கு நீளமானவை. அவற்றின் முன்வாசல் தெருவைப் பார்க்கும். பின்புறம் கடலை நோக்கியிருந்தது. இன்று அந்தப் பின்வாசலைத் திறந்தால் கோத்தா லக்சமணாவின் கடைவீடுகள்தாம் தெரியும்.

கணக்குக்குத் தமிழ்

மலாய் உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா 1796இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பம். சிறுவயதில் தந்தை தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது மலாக்காவில் முன்னோர் காலத்து வழக்கம் என்றும், கணக்குப் பார்க்கவும் வணிகர்களோடு பேசவும் அது பயன்பட்டது என்றும் காரணம் கூறுகிறார்.

நண்பர்களே, இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். தமிழ்ப் பற்றினால் அவர்கள் தமிழ் கற்கவில்லை. பிழைப்புக்கும் பெருமைக்கும் அம்மொழி தேவைப்பட்டது, ஆகவே கற்றனர். கடல் வணிகம் தமிழுக்கு வேலை கொடுத்தது.

கரையிலிருந்து வயலுக்கு

அந்த வணிகம் நிலைக்கவில்லை. ஆறு கொணர்ந்த வண்டலால் துறை ஆழம் குறைந்தது. கப்பல்களோ பெரியனவாயின. 1786இல் பினாங்கும் 1819இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் துறைமுகங்களாக எழுந்தன. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் காலூன்ற ஒப்பந்தமிட்ட சுல்தான் உசேன் ஷாவின் அடக்கத்தலம் மலாக்காவின் தெங்கெரா பள்ளிவாசலில் இருப்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பழைய தமிழ் வணிகர் வழிவந்தோரான மலாக்காச் செட்டிகளின் கதையை இப்பின்னணியில் காண வேண்டும். நகரத்தாராகிய செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. முன்னோர் உள்ளூர்ப் பெண்களை மணந்ததால் வீட்டு மொழி மலாயாயிற்று. ஆண்கள் சாரோங்கும் தலைப்பாகையும் அணிவர். பெண்கள் கெபாயா உடுத்துவர். டச்சுக்காரர் காலத்தில் அச்சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்குக் கிடைத்த நிலத்தில், 1781இல் பொய்யாத விநாயகர் கோயில் எழுந்தது. துக்காங் எமாஸ் சாலையில் அது இன்றும் இருக்கிறது. சில அடிகள் நடந்தால் 1748இல் தோன்றிய கம்போங் கெலிங் பள்ளிவாசலும், அதையடுத்துச் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும்.

வணிகம் நலிந்தபின் செட்டிகள் பலர் கரையைவிட்டு உள்ளே, காஜா பெராங் பகுதிக்குச் சென்று நிலத்தை நம்பி வாழத் தொடங்கினர். அங்கே முத்து மாரியம்மன் கோயில் கட்டினர். மாரியம்மன் திருவிழாவை அவர்கள் 'டத்தோ சாச்சார்' என்கின்றனர். 'சாச்சார்' என்பது மலாயில் அம்மையைக் குறிக்கும். பொங்கலுக்கு முந்திய போகியன்று முன்னோருக்குப் படையலிடுகின்றனர். வழிபாடு நம்முடையது, அதை விளக்கும் மொழி மலாய்.

அவர்கள் தமிழை மறந்தார்கள் என்று குறை கூறுவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. அடுப்படியில் மலாய் இருந்த காலத்திலும் கணக்குப் பலகையில் தமிழுக்கு இடம் இருந்திருக்கும். கடல் வணிகம் கைவிட்டுப் போனபோது அந்த இடமும் போயிற்று என்பதே என் துணிபு. வேலையற்ற மொழி தலைமுறை தாண்டுவது அரிது.

தூர்க்கப்பட்ட கடல்

வண்டல் தொடங்கியதை மனிதர் முடித்து வைத்தனர். 1970களிலிருந்து பெருமளவில் கடல் தூர்க்கப்பட்டு, மலாக்கா ராயா, கோத்தா லக்சமணா போன்ற பகுதிகள் உருவாயின. மலாக்காத் தீவு எனப்படும் செயற்கைத் தீவில் 2006இல் திறக்கப்பட்ட நீரிணைப் பள்ளிவாசல், நீர் ஏறும்போது மிதப்பதுபோல் அழகு காட்டுகிறது.

அதே 2006இல், சுழல் கோபுரம் அமைக்கத் தோண்டிய இடத்தில் பழைய கோட்டையின் மிடல்பர்க் கொத்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள். புதைந்த கரை தன் இருப்பை உணர்த்திய தருணம் அது. 2008 ஜூலையில் மலாக்காவும் ஜோர்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. கட்டடங்களுக்குக் காவல் கிடைத்தது. கடலுக்கு?

இக்கேள்வியின் சுமையைத் தாங்குவோர் ஊஜோங் பாசிரில் வாழும் போர்த்துகீசிய வழித்தோன்றல்கள். 1930களில் கடலோரத்தில் அமைந்த அக்குடியிருப்பின் மீனவர்கள், கரையோரச் சேற்றுநீரில் வலையைத் தள்ளி 'கெராகாவ்' பிடித்துவந்தனர். நாம் கூனி என்று சொல்லும் மிகச் சிறிய இறால் அது. மலாக்காவின் பெயர்பெற்ற சிஞ்சாலோக் அதிலிருந்து ஆவது. ஆழமற்ற கரையில்தான் கூனி கிடைக்கும். தூர்க்கப்படுவதும் முதலில் அந்தக் கரைதான். கிறிஸ்தாங் எனும் அவர்களது மொழியில் மீனுக்கும் வலைக்கும் காற்றுக்கும் உள்ள சொற்கள், அத்தொழில் இருக்கும்வரைதான் வாய்களில் இருக்கும். செட்டிகளிடம் தமிழ் தேய்ந்த பாடம் அங்கே மீண்டும் நடத்தப்படுகிறது.

ஒரு சிறு பயிற்சி

அடுத்த முறை மலாக்கா செல்லும்போது, கைப்பேசியிலுள்ள வரைபடத்தில் சந்தியாகோ வாயில், மிடல்பர்க் கொத்தளம், ஹீரன் தெருவின் பின்புறம் ஆகிய மூன்றையும் குறித்து ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். பழைய கரை ஏறக்குறையத் தெரிந்துவிடும். பிறகு ஊர்ப்பெயர்களைக் கேளுங்கள். லிம்போங்கான் என்றால் கப்பல் பழுதுபார்க்கும் துறை. ஊஜோங் பாசிர் என்றால் மணல் முனை. தெங்கெரா, அரண்வேலியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. கட்டடங்கள் சொல்லாததைப் பெயர்கள் சொல்லும்.

அதன்பின் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து காஜா பெராங்வரை நடந்து செல்லுங்கள். ஒரு சமூகம் கடலிலிருந்து விலகிய தொலைவை உங்கள் கால்களே அளந்து சொல்லும்.

தமிழ் விழா எடுக்கிறோம், இதழ் வெளியிடுகிறோம், சொற்போர் நடத்துகிறோம். இவை யாவும் தேவையே. ஆனால் மலாக்கா நமக்கு உணர்த்துவது இன்னொன்று: பிறர் வீட்டுப் பிள்ளைகளும் தேடி வந்து கற்கும் அளவுக்கு இம்மண்ணில் தமிழுக்கு ஒருகாலத்தில் வேலை இருந்தது. நம் காலத்தில் அதற்கு என்ன வேலை கொடுக்கப் போகிறோம்? பட்டம் பெற்று அலுவலகங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் வகுப்பறைகளுக்கும் செல்லும் நாம் ஒவ்வொருவரும் விடை சொல்ல வேண்டிய வினா இது.