தச்சுப் பட்டறையில் பிதாகரஸ்

பிதாகரஸ் தேற்றத்தை நிரூபணத்துடன் எழுதி மதிப்பெண் பெற்றுவிட்டால் அதன் வேலை முடிந்துவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் ஓர் அலமாரியின் கதவு சரியாக மூடுவதும் மூடாததும் அதே பாடத்தைச் சார்ந்திருக்கிறது. பலகையைச் செங்கோணத்தில் அறுக்க உதவும் எளிய துணைக்கருவி ஒன்றை எவ்வாறு அமைப்பது, எவ்வாறு சோதிப்பது என்பதை இங்குக் காண்போம்.

கடைகளில் கிடைக்கும் பிளைவுட் பலகை பொதுவாக 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையது. அதை மின்சார வட்ட ரம்பத்தால் நேராக அறுக்க, நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்றைப் பலகையின்மேல் கிடத்தி, அதை ஒட்டி ரம்பத்தை ஓட்டுவார்கள். இதற்கு வழிகாட்டிச் சட்டம் என்று பெயர். வெட்டு நேராக அமைய அது உதவும். ஆனால் அந்த வெட்டு பலகையின் விளிம்புக்குச் செங்கோணமாக அமையும் என்று அது உறுதி கூறாது. ஆகவே சட்டத்தின் ஒரு முனையில், அடிப்புறமாக, ஒரு குறுக்குக் கட்டையைப் பொருத்துகிறோம். இரண்டும் சேர்ந்து ‘ட’ எழுத்தைப் போல் நிற்கும். கட்டையைப் பலகையின் விளிம்போடு அணைத்து வைத்தால் சட்டம் தானே செங்கோணத்தில் அமையவேண்டும்.

இதை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. குறுக்குக் கட்டை நீளமாக இருத்தல் வேண்டும். 300 மி.மீ. நீளமுள்ள கட்டையின் ஒரு முனையில் அரை மி.மீ. இடைவெளி இருந்தால், 1200 மி.மீ. வெட்டின் முடிவில் பிழை 2 மி.மீ. ஆகிவிடும். இது வடிவொத்த முக்கோணங்களின் பாடமே.

2. கட்டையின் தடிமன் அறுக்கப்படும் பலகையின் தடிமனைவிடக் குறைவாக இருத்தல் நலம். 19 மி.மீ. பலகைக்கு 12 மி.மீ. கட்டை போதும். தடிமன் மிகுந்தால் கட்டை கீழேயுள்ள மேசையில் இடித்துச் சட்டத்தைத் தூக்கிவிடும்.

3. கட்டை ரம்பம் ஓடாத பக்கத்தில் அமையவேண்டும். இல்லையேல் ரம்பம் கட்டையையே அறுத்துவிடும்.

4. இரண்டு திருகாணிகளில் ஒன்றுக்கு வட்டத் துளையும் மற்றொன்றுக்கு நீள்துளையும் இடவேண்டும். அப்போதுதான் முதல் திருகாணியை மையமாகக் கொண்டு கட்டையைச் சிறிது திருப்பிச் சரிசெய்ய இயலும்.

5. கட்டையும் சட்டமும் கூடும் மூலையைச் சிறிது வெட்டிவிட வேண்டும். மரத்தூள் அங்குத் தங்கிக் கோணத்தைக் கெடுக்காது.

இனி, கோணத்தை அமைப்பது எப்படி? 3, 4, 5 என்னும் அளவுகளை நாம் அறிவோம். கட்டையின் வழியே 900 மி.மீ., சட்டத்தின் வழியே 1200 மி.மீ. குறித்தால், குறிகளுக்கிடையே 1500 மி.மீ. இருக்கவேண்டும். கட்டை குட்டையானால் அதனோடு ஒரு நேரான கோலை ஒட்டி வைத்து அளக்கலாம். இங்கு ஒன்றைக் கவனியுங்கள். யூக்ளிட் தம் நூலின் முதற் பகுதியில் பிதாகரஸ் தேற்றத்தை 47-ஆவதாகவும் அதன் மறுதலையை 48-ஆவதாகவும் வைத்தார். பக்கங்களை அளந்து கோணத்தை அறியும் தச்சருக்கு உதவுவது மறுதலையே!

ஆனால் இம்முறை தொடக்கத்திற்கு மட்டுமே போதும். நாடாவில் 1 மி.மீ. தவறாகப் படித்தாலே 1200 மி.மீ. வெட்டின் முடிவில் ஒன்றரை மி.மீ.க்கு மேல் விலகிவிடும். எனவே பிழையைப் பெருக்கிக் காட்டும் சோதனை ஒன்று தேவை. அதுவே ஐந்து வெட்டுச் சோதனை.

ஒரு கழிவுப் பலகையின் ஒரு பக்கத்தை வெட்டுங்கள். வெட்டிய பக்கத்தைக் கட்டையோடு அணைத்து அடுத்த பக்கத்தை வெட்டுங்கள். இவ்வாறே நான்கு பக்கங்களையும் வெட்டியபின், ஐந்தாம் வெட்டாக முதற் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய பட்டையை அறுத்தெடுங்கள். கருவியின் கோணம் 90° + இ என்று கொள்வோம். நாற்கரத்தின் மூன்று மூலைகள் 90° + இ ஆகும். நான்கு கோணங்களின் கூடுதல் 360° ஆதலால் நான்காம் மூலை 90° – 3இ. ஐந்தாம் வெட்டோ அம்மூலையில் 90° + இ கோணத்தில் செல்லும். இரண்டிற்கும் வேறுபாடு 4இ. அதாவது பிழை நான்கு மடங்காகத் தெரியும்!

ஓர் எடுத்துக்காட்டு: பட்டையின் நீளம் 400 மி.மீ.; ஒரு முனையின் அகலம் 20.0 மி.மீ., மறுமுனை 21.6 மி.மீ. வேறுபாடு 1.6 மி.மீ. அதை 4-ஆல் வகுத்தால் 0.4 மி.மீ. இதுவே 400 மி.மீ. நீளத்தில் உண்மைப் பிழை, 1200 மி.மீ.க்கு 1.2 மி.மீ. நம் ஆய்வகத்து வெர்னியர் அளவியாலேயே இதை அளந்துவிடலாம். பின்னர் நீள்துளைத் திருகாணியைத் தளர்த்திக் கட்டையைத் திருப்பி, இறுக்கி, மீண்டும் சோதிக்க வேண்டும்.

கழிவுப் பலகையில் கண்ட பிழைக்குச் செலவில்லை. அதே பிழை நல்ல பலகையில் வெளிப்பட்டால் பொருளும் கூலியும் வீணாகும். மூடாத கதவு ஒரு வீட்டில் பல ஆண்டுகள் நிற்கும். 1955-ஆம் ஆண்டு பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர், தச்சரான புனித சூசையப்பரைத் தொழிலாளரின் பாதுகாவலராகக் கொண்டாட மே முதல் நாளைக் குறித்தார். உழைப்பைப் புனிதமாகக் கருதுவோர் தம் கருவியையும் சோதித்தே கையில் எடுப்பர். நாள்தோறும் இரவில் நாம் செய்யும் ஆன்ம சோதனையும் இத்தகையதே. சிறு பிழையைச் சிறிதென்று விட்டுவிடாமல், பெரிதாக்கிப் பார்த்துத் திருத்திக்கொள்வோமாக.

— பத்தாம் வகுப்பு மாணவி