வலியும் வரிசையும்

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் நர்ஸாக இருந்து, கடைசி வருஷங்களில் அங்கே வருகிறவர்களை வாயிலிலேயே பார்த்துத் தரம் பிரித்து அனுப்பும் பொறுப்பையும் வகித்து ஓய்வு பெற்றவள் நான். ரேஷன் கடையில் முந்தி வந்தவருக்கே முதலிடம் என்னும் நியாயத்தில் பழகிய நமக்கு, நாம் கொண்டுவந்த தாயாரோ பிள்ளையோ வலியால் துடித்துக்கொண்டிருக்கையில், நமக்குப் பிந்தி வந்த ஒருவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கண்ணெதிரே உள்ளே தள்ளிக்கொண்டு போவதைக் கண்டால் மனம் கொதிப்பது இயல்பு. அந்தக் கொதிப்பை நான் ஒருநாளும் குற்றமாகக் கருதியதில்லை. ஆயினும் அந்த வரிசை எந்த விதியின்படி அமைகிறது என்பதையும், வரிசையில் இருக்கும்போதே எதைக் கேட்டுப் பெறலாம் என்பதையும் அறிந்து வந்தவர்களுக்கு அந்த ஞானம் எவ்வளவு உபகாரமாயிருந்தது என்பதைப் பார்த்தவள் ஆதலால் இதை எழுதுகிறேன்.

ட்ரையாஜ் என்று ஆஸ்பத்திரிகளில் வழங்கும் இந்தத் தரம் பிரித்தலின் மூலத்தைத் தேடிப் போனால், நெப்போலியனுடைய சேனையில் சர்ஜனாயிருந்து, காயம் பட்டவன் தளபதியா சிப்பாயா, தன் தேசத்தானா எதிரியா என்று பாராமல், காயத்தின் கடுமையை மட்டும் பார்த்துச் சிகிச்சை செய்ய வேண்டுமென்று வற்புறுத்திய டொமினிக் ஜான் லாரே என்பவரிடம் போய்ச் சேருவோம். இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறங்களாகப் பிரிக்கிறார்கள். சுவாசம் தடையின்றி நடக்கிறதா, நாடி எப்படியிருக்கிறது, ரத்த அழுத்தம் என்ன, பிரக்ஞை தெளிவாயிருக்கிறதா என்பவற்றைச் சில நிமிஷங்களில் பார்த்து, பிராணாபாயம் உடனே நேரக்கூடியவரைச் சிவப்பிலும், சிறிது பொறுக்கக்கூடியவரை மஞ்சளிலும், காத்திருந்தாலும் கெடுதியில்லாதவரைப் பச்சையிலும் சேர்ப்பார்கள். வலியும் இந்தக் கணக்கில் உண்டு என்றாலும், வலி ஒன்றே கணக்கு அன்று.

இதை எனக்கு ஐயமறத் தெளிவாக்கிய ஓர் இரவைச் சொல்கிறேன். மழைக்காலத்து விடியற்காலையில், சிறுநீரகக் கல் வலியால் பெஞ்சில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அலறிக்கொண்டிருந்தார் ஒருவர். அந்த வலி எவ்வளவு கொடியது என்பதை அதைப் பட்டவர்கள் அறிவார்கள். அவருக்குப் பின்னால் கிராமத்திலிருந்து ஒரு பையனைத் தோளில் சாய்த்து அழைத்து வந்தார்கள். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவன், நள்ளிரவில் வயிறு வலிக்கிறதென்று எழுந்து வாந்தி எடுத்தானாம்; இப்போது வலி பெரிதாக இல்லையாம், தூக்கம்தான் வருகிறதாம். அவன் கண்ணிமைகள் பாதி மூடிக் கிடந்தன. திறந்து பார் என்றால் திறக்க முடியவில்லை. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குகிறவர்களுக்கு நேர்வது. கண்ணாடி விரியனைப் போல அது வீக்கமும் எரிச்சலும் உண்டாக்காது. கடித்த இடம்கூடத் தெரியாமலிருக்கலாம். ஆனால் இமை சோர்வதில் தொடங்கும் தளர்ச்சி சுவாசத் தசைகள் வரை சென்றால் மூச்சு நின்றுவிடும். பையனை உடனே சிவப்புக்கு அனுப்பினோம். விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமுமாகச் சில நாட்கள் கழிந்த பின் அவன் பிழைத்தான்.

கல் வலிக்காரரின் தம்பி என்னிடம் வந்து, "சிஸ்டர், எங்க அண்ணன் கத்துறது காதுல விழலையா? தூங்குற பையனைத் தூக்கிக்கிட்டு ஓடுறீங்களே!" என்று கேட்டார். பையன் முந்திச் சென்றது முற்றிலும் நியாயம் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தத் தம்பியின் கேள்வியில் நியாயமான பாதியும் ஒன்று இருந்தது. டாக்டரின் விரிவான பரிசோதனைக்குக் காத்திருப்பது வேறு, வலி தணிவதற்குக் காத்திருப்பது வேறு. முன்னது தவிர்க்க முடியாததாயிருக்கலாம், பின்னதற்கு அவசியமே இல்லை. பணியிலிருந்த டாக்டரிடம் சொல்லி, பெஞ்சில் இருக்கும்போதே வலி நீக்கும் ஊசி போட்டோம்.

வயிற்று வலிக்காரருக்கு சர்ஜன் பார்க்கும் முன் வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துபோகும் என்ற ஓர் அபிப்பிராயம் வைத்திய உலகில் வெகுகாலம் ஆட்சி செய்தது. சக்கரி கோப் என்ற ஆங்கிலேய சர்ஜன் 1921-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலும் அந்த எச்சரிக்கையைத் தாங்கியிருந்தது. பிற்கால ஆராய்ச்சிகள் அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டிவிட்டன. ஆயினும் பழக்கம் எளிதில் போவதில்லை. ஆகவே, "டாக்டர் பார்க்கிற வரைக்கும் வலிக்கு ஏதாவது கொடுக்கலாமா, சிஸ்டர்?" என்று கேட்பதற்கு ஒருவரும் கூச வேண்டாம்.

கேட்கத் தெரியாதவர்களைப் பற்றியே எனக்கு அதிக விசாரம். அலறுகிறவருக்கு எப்படியும் யாராவது வந்துவிடுவார்கள். இடுப்பெலும்பு முறிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் பாட்டிக்கும், பாஷை தெரியாத ஊரில் வேலைக்கு வந்து கையை இயந்திரத்தில் கொடுத்துவிட்ட வடநாட்டுத் தொழிலாளிக்கும், பேச்சு வராத குழந்தைக்கும் யார் வருவார்கள்? வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பது எங்கள் வழக்கம். எண் சொல்ல இயலாதவர்களுக்குச் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை வரைந்த அட்டை உண்டு. எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தாமல், எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, நடக்க முடிகிறதா, மூச்சிழுத்தால் கூடுகிறதா, வீட்டில் என்ன மாத்திரை கொடுத்தோம் என்பதையும் உடன் வருகிறவர் சொன்னால், அது எண்ணைவிடப் பெரிய உதவி. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்து வாருங்கள். ஆபரேஷன் தேவைப்படக்கூடுமாதலால், டாக்டர் பார்க்கும் வரை உண்ணவோ பருகவோ எதுவும் கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே பொழுதைப் போக்கிவிட்டு வருவது இன்னொரு துயரம். "வெறும் கேஸ்தான் சிஸ்டர், சோடா குடிச்சாரு, கொஞ்சம் தேவலை" என்று சொல்லி அழைத்து வரப்பட்டவர்களில் மாரடைப்புக்காரர்கள் எத்தனையோ பேர். நெஞ்சு வலி தாடைக்கோ தோளுக்கோ முதுகுக்கோ பரவலாம். சர்க்கரை வியாதிக்காரருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சிரைப்புமாக மட்டும் வரலாம். வந்து 10 நிமிஷத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டுமென்பது விதி. அந்த 10 நிமிஷம் ஆஸ்பத்திரி வாசலில்தான் தொடங்குகிறது. பக்கவாதத்தில் பெரும்பாலும் வலி இராது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கோ நாலரை மணி நேரமே அவகாசம். விதைப்பையில் திடீர் வலி கண்ட பையன்கள் வெட்கத்தால் மறைத்துவிடுகிறார்கள்; விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை ஆக வேண்டும். இப்படிப்பட்ட சமயங்களில் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முதலில் கொடுத்த நிறம் மாறக்கூடியது. அதை மாற்றுவதற்குப் பக்கத்தில் இருக்கும் உங்கள் கண்ணே எங்களுக்குத் துணை. பேச்சு குழறினாலும், மூச்சு வாங்கினாலும், உடல் சில்லிட்டு வியர்த்தாலும், வலி திடீரென்று ஏறினாலும் எழுந்து வந்து சொல்லுங்கள். அப்பெண்டிக்ஸ் வலி சட்டென்று அடங்கிப் பிறகு வயிறு முழுவதும் கல்லாக இறுகினால் அது வெடித்திருக்கக்கூடும் என்பதால், காரணமின்றி வலி நின்றுபோனாலும் வந்து சொல்லுங்கள். நர்ஸ் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மறுபடியும் சொல்லுங்கள்.